நாங்களும் உடன் ஏறுகிறோம்

"லிஃப்ட்ல ஏத்தாம கட்டிலைத் தலையிலயா தூக்கிட்டுப் போவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

கடிதக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

சமையலறை மேசையில் அவர் எழுதிய கடிதம் கிடந்தது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றுக்கான பதில். 'லிஃப்டில் கட்டில் ஏற்றியது உங்கள் தவறு. இனி இவ்வாறு செய்யக் கூடாது என எச்சரிக்கப்படுகிறீர்கள்' என்று நீல மையில் எழுதியிருந்தார். அவள் அதைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே எழுதினாள்: 'கட்டில் ஏற்ற உங்களுக்கு வேறு வழி இல்லை என்று புரிகிறது. அடுத்த முறை ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், எங்கள் ஆள் வந்து உதவுவார்.'

"இன்னிக்குக் கட்டில். நாளைக்கு பீரோவைத் தூக்கச் சொல்லுவாங்க" என்றார், வாயைக் கொப்பளித்துவிட்டு.

"தூக்கினா கை தேஞ்சா போயிடும்?" பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "சாயங்காலம் வரும்போது ஒரு ரப்பர் வாங்கிட்டு வாங்க. இந்தப் பழசு அழிக்கிறதைவிட அப்பறதுதான் ஜாஸ்தி."

மாலையில் மறக்காமல் ரப்பர் வாங்கினார். வீடு திரும்பியபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

ரப்பர் உறை பிரிக்கப்படாமல் அவர் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டார்.

அவர் வேலை பார்த்தது லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில். புகார்களுக்குப் பதில் எழுதும் மேசை அவருடையது. பதினெட்டு வருடமாக அவர் கடிதங்களைப் படித்தவர்கள் எல்லாம், இவ்வளவு பக்குவமான மனிதர் உண்டா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர் எழுத்தில் மிளகாய்தான் இருந்தது. தினமும் வீட்டுக்குப் போய், பென்சில் பட்டு, மறுநாள் திரும்பி வரும்போதுதான் காரம் குறைந்திருக்கும். இந்த ரகசியம் இரண்டு பேருக்குத் தெரியும். இப்போது ஒருவருக்கு.

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, மேலாளர் எழுந்து நின்று பேசினார். வயதில் சிறியவர். துக்கம் விசாரித்துப் பழக்கமில்லை.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். உட்காருங்க. வேண்டாம், நிக்கறதுனாலும் நில்லுங்க. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி."

"எனக்கா?"

"தலைமை அலுவலகத்துலேருந்து சுற்றறிக்கை வந்திருக்கு. இனிமே எல்லாக் கடிதமும் மரியாதையா, நம்பிக்கை தர்ற மாதிரி, யாரையும் விட்டுடாம எழுதணுமாம். மாதிரிக்கு யார் கடிதம் தெரியுமா? உங்களோடதுதான்! அந்தக் கட்டில் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க சார்!"

கடிதக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு சின்ன விஷயம்" என்று மேலாளர் தொடர்ந்தார். "ஒரே பழுதுக்கு ஒரு கட்டடத்துலேருந்து நாலு புகார் வந்தா, கையால எழுதற மேசையை எடுத்துட்டு அச்சடிச்ச கடிதத்தை அனுப்பச் சொல்லிட்டாங்க. எழுதறவர் கிடங்குக்குப் போகணும். பழைய நகல்களைக் காகிதக்காரன்கிட்ட போட்டுடலாமாம். உங்களுக்கென்ன சார், அந்தக் கவலையே இல்லை."

கிடங்குக்குப் போவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. திருகாணி எண்ணுகிறவனும் மனிதன்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. பதினெட்டு வருட நகல்கள் அதற்குள். அவள் சொன்ன வார்த்தைகள் இந்த உலகத்தில் எங்கேனும் மிச்சமிருந்தால், அந்த அலமாரியில்தான் இருந்தன. அது காகிதக்காரன் தராசில் ஏற அவர் விடப்போவதில்லை. அவள் எழுதுகிற மாதிரியே எழுதிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு செய்தார். பதினெட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதுகூடவா வராது?

வரவில்லை என்பது மறுநாளே தெரிந்தது.

'ஸ்பேனர்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட மெக்கானிக் வந்து மேசையில் கையூன்றி நின்றான்.

"அண்ணே, அந்த ஏழு மாடிக் கட்டடம் இருக்கே, லிஃப்ட்டோட இரும்புக் கயிறு நைஞ்சு போச்சு. முழுசா மாத்தணும். பன்னிரண்டு நாள் ஆகும். நீங்களே பதமா ஒரு கடிதம் போட்டுடுங்க. நான் போய் வாயால சொன்னா அடி விழும்."

அந்தக் கட்டடத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே உருண்டைக் கையெழுத்தில் இருக்கும். எதை எடுத்தாலும் 'ஏழு மாடி யார் ஏறுவது?' என்றுதான் முடியும். கீழே பெயர் இருக்காது, 'குடியிருப்போர் சார்பாக' என்று மட்டும் இருக்கும். எழுதுகிறவர் ஓர் அம்மாள் என்று வாட்ச்மேன் சொல்லி அலுவலகத்துக்குத் தெரியும். ஏழாம் மாடி அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கடிதக்காரர் முதலில் பேனா போன போக்கில் எழுதினார்: 'லிஃப்ட் பன்னிரண்டு நாள் ஓடாது. படியில் ஏறவும்.' எழுதியதைப் பார்த்தார். அவள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். கிழித்துப் போட்டார். சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். ஓடாது, முடியாது, பழுது, தாமதம் போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது.

"கூடாதுன்னு சொல்லக் கூடாதுன்னு அவங்களே போட்டிருக்காங்க பாருங்க" என்றார் தட்டச்சு அம்மாள்.

"நீங்க அடிங்கம்மா. நான் சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அன்புடையீர், வணக்கம். தங்கள் கட்டடத்து லிஃப்ட் பன்னிரண்டு நாட்கள் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு, புதுப் பொலிவுடன் தங்களிடம் திரும்பவிருக்கிறது என்ற இனிய செய்தியைத் தெரிவிப்பதில் மகிழ்கிறோம்."

தட்டச்சு அம்மாள் கையை எடுத்துவிட்டார். "லிஃப்ட்டுக்குப் பன்னிரண்டு நாள் லீவா? நான் ஒரு நாள் கேட்டா மேலாளர் மூஞ்சி எப்படிப் போகுது தெரியுமா?"

"அடிங்கம்மா."

ஸ்பேனர் கடிதத்தை எடுத்துப் போய் வாட்ச்மேனிடம் கொடுத்தான். மாலையே பதிலோடு வந்தான்.

'ஐயா, லிஃப்ட் ஓய்வெடுக்கப் போயிருப்பது அறிந்தோம். எங்கே தங்கியிருக்கிறது என்று தெரிவித்தால் நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அதுவரை ஏழு மாடி யார் ஏறுவது? குடியிருப்போர் சார்பாக.'

"ஒண்ணு" என்றார் மேலாளர், சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு.

கடிதக்காரர் தளரவில்லை. அவள் எப்போதும், கெட்டதைச் சொன்னால் கூடவே ஒரு நல்லதையும் சொல்லுங்கள் என்பாள். படி ஏறுவதில் என்ன நல்லது? இரண்டாம் கடிதம் இப்படிப் போயிற்று: 'படி ஏறுவது இதயத்துக்கும் கால்களுக்கும் அரிய பயிற்சி என்பது தாங்கள் அறிந்ததே. இந்த வாய்ப்பைக் குடும்பத்தோடு பயன்படுத்தி நலம் பெற வாழ்த்துகிறோம்.'

பதில் வந்தது: 'ஐயா, தங்கள் வாழ்த்தை நான்காம் மாடியில் காலில் மாவுக்கட்டுடன் இருப்பவருக்கு வாசித்துக் காட்டினேன். ஊன்றுகோலை என்மேல் எறிந்தார். குறி தப்பியதால் இக்கடிதம் எழுத முடிகிறது. ஏழு மாடி யார் ஏறுவது?'

"ரெண்டு." மேலாளர் இப்போது அவரை 'சார்' போடாமல் பார்த்தார்.

அன்று மாலை கடிதக்காரர் சமையலறை மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவள் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன கேட்பாள்? 'யாரை விட்டுட்டீங்க?' என்றுதான் கேட்பாள். மாவுக்கட்டுக்காரரை விட்டுவிட்டோம். இனி ஒருவரையும் விடுவதில்லை.

மூன்றாம் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. மாவுக்கட்டுப் போட்டவர்கள், முட்டிவலிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், தண்ணீர் கேன் தூக்குகிறவர்கள், பள்ளிப் பை சுமக்கும் பிள்ளைகள், அந்தப் பையையும் பிள்ளையையும் சேர்த்துச் சுமக்கும் அப்பாக்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், பூனை வளர்ப்பவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வருத்தம் கேட்டிருந்தார். கடைசியில் என்ன போட்டு முடிப்பது என்று தெரியாமல், மனத்தில் தோன்றியதை எழுதினார்: 'மீதமுள்ள ஒன்பது நாட்களும் நீங்கள் தனியாக ஏறவில்லை. நாங்களும் உடன் ஏறுகிறோம்.'

"பூனை எதுக்கு சார்?" என்றார் தட்டச்சு அம்மாள்.

"யாராவது வெச்சிருப்பாங்க."

"கல்யாணப் பத்திரிகையில சொந்தக்காரங்க பேர் போடற மாதிரி இருக்கு. ஒருத்தரை விட்டாலும் சண்டை வரும்."

அவர் நாக்கு கருநாக்கு. பதில் வந்தது: 'ஐயா, ஐந்தாம் மாடிக்காரருக்கு நோய், சுமை, குழந்தை, பூனை ஏதும் இல்லை. ஆகவே தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டீர்கள் என்று மனம் நொந்திருக்கிறார். நிற்க. நீங்களும் உடன் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. நாளை காலை ஏழரைக்குக் கீழே காத்திருப்பேன்.'

மேலாளர் மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "சார், உங்களுக்கு என்ன ஆச்சு? கை மாறின மாதிரி எழுதறீங்க. இன்னும் ஒண்ணு வந்தா என் கையில இல்லை. ஒரு மன்னிப்புக் கடிதம் போடுங்க. 'அது ஒரு மரியாதைக்குச் சொன்னது'ன்னு."

கடிதக்காரர் யோசித்துப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவள் பென்சிலால் எழுதிய எதையும் நிறுவனம் செய்யாமல் விட்டதில்லை. ஆள் வந்து உதவுவார் என்று எழுதினால் ஸ்பேனரை அவரே துரத்தி அனுப்புவார். எழுதிவிட்டுச் செய்யாமல் இருந்தால் அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

"மன்னிப்பு வேண்டாம்" என்றார். "எழுதினது நான். நானே ஏறறேன்."

மறுநாள் ஏழு இருபத்தைந்துக்கே போய்விட்டார். அந்த அம்மாள் அதற்கு முன்பே படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு காலில். கடிதத்தில் இருந்த உயரம் நேரில் இல்லை.

"நிஜமாவே வந்துட்டீங்களே!" என்றார் அந்த அம்மாள். குரலில் மகிழ்ச்சியை விடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"எழுதியிருந்தேனே அம்மா."

"எழுதறவங்க எல்லாம் வர்றாங்களா என்ன?" வாட்ச்மேன் எதற்கோ வாயைத் திறந்தான். அந்த அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான். "சரி, வந்தாச்சு. ஏறுங்க."

ஏறினார்கள். இரண்டாம் மாடியில் அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முட்டியா அம்மா?"

"முட்டிதான். ரெண்டும் என் பேச்சைக் கேட்காது. எனக்குன்னு வாய்ச்சதுங்க."

"அப்போ இவ்வளவு காலையில கீழே எப்படி வந்தீங்க?"

அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். "கீழே வர்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்றார்.

மூன்றாம் மாடி தாண்டியது. கடிதக்காரருக்கு மூச்சு வாங்கியது. அம்மாள் பேச ஆரம்பித்தார்.

"முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன் சார். ஹலோன்னு ஒரு வார்த்தை சொன்னா ஆளைச் சொல்லிடுவேன். உங்க கடிதத்தையும் பல வருஷமாப் படிக்கிறேன். போன தடவை கட்டிலுக்கு ஒண்ணு போட்டீங்களே, அதைப் படிச்சிட்டு இந்தக் கட்டடமே வாயடைச்சுப் போச்சு. சண்டைக்கு வேட்டியை மடிச்சுக் கட்டினவங்க எல்லாம் அவுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப மூணு வந்துச்சு. லைன்ல வேற யாரோ பேசறாங்கன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. யார் சார் அது? புது ஆளா?"

ஐந்தாம் மாடியில் ஒரு ஜன்னல் இருந்தது. கடிதக்காரர் அதன் வழியே வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததை, மூச்சு வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் சொன்னார்.

"இப்ப எழுதறது நான். முன்னாடி எழுதினது என் சம்சாரம்."

"அவங்க இப்ப?"

"கட்டில் கடிதம்தான் கடைசி. அன்னிக்குச் சாயங்காலமே..."

அந்த அம்மாள் ஜன்னல் விளிம்பில் இருந்த தூசியை விரலால் தள்ளிவிட்டு, "இன்னும் ரெண்டு மாடிதான். மெதுவா வாங்க" என்றார்.

ஏழாம் மாடியில் ஓர் இளம்பெண் கதவைத் திறந்து, அவர்களைப் பார்த்துக் கண்களை அகல விரித்தாள். "வாங்க, வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்று அம்மாளை விருந்தாளியைப் போல வரவேற்றாள். மாமியாரை இப்படி வரவேற்கும் மருமகளும் உலகத்தில் உண்டா என்று கடிதக்காரர் வியந்தார்.

"சார்" என்றார் அந்த அம்மாள், வாசலில் நின்றபடி. "நான் ஒண்ணு சொல்லணும். நான் சும்மா ஒரு வேகத்துலதான் வரச் சொன்னேன். உண்மையில எனக்கு..."

"வேண்டாம்மா" என்று குறுக்கே பாய்ந்தார் கடிதக்காரர். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் மட்டும் ஒரு மாதத்தில் முதல்முறையாகத் தெளிந்திருந்தது. "பரவாயில்லைன்னு சொல்லப்போறீங்க. நீங்க பெரிய மனசுக்காரங்க. ஆனா ஒன்பது நாள்னு எழுதியிருக்கேன். இன்னொரு புகார் போனா அந்த மேசையை எடுத்துடுவாங்க, அவ எழுதின நகல் எல்லாம் குப்பைக்குப் போயிடும். அதுகூடப் போகட்டும். எழுதினதைச் செய்யலைன்னா அவகிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்? ஒன்பது நாளும் வருவேன்."

அந்த அம்மாள் திறந்த வாயை மூடினார். தன் முட்டிகளைக் குனிந்து பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கும் ஏழரைதானே?" என்றார்.

இரண்டாம் நாள் ஐந்தாம் மாடிக்காரர் படியில் மறித்தார். "பூனைக்காரங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தீங்க, என்னை விட்டுட்டீங்களே" என்றார். கடிதக்காரர் பரிகாரமாக அவருடைய செய்தித்தாளைக் கீழிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். இது நியாயமாகப் படவில்லை என்று மூன்றாம் நாள் மூன்றாம் மாடிக்காரர் தன் தண்ணீர் கேனைக் காட்டினார். கேனைத் தூக்கியதும் பிள்ளைத்தாய்ச்சியின் காய்கறிப் பை வந்தது. காய்கறிப் பையைத் தொடர்ந்து பள்ளிப் பைகள் வந்தன. 'யாரையும் விட்டுடாம' என்ற சுற்றறிக்கை அவர் கழுத்தில் மூட்டையாகத் தொங்கியது. ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் குடைகிறது என்று யாரிடம் சொல்வது?

நான்காம் நாள் மாவுக்கட்டுக்காரர், "நான் மட்டும் ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கணுமா?" என்று கேட்டார். அவரை நாற்காலியோடு கீழே இறக்கி, அரை மணி நேரம் வெயில் காட்டி, நாற்காலியோடு மேலே ஏற்றினார்கள். ஸ்பேனர் ஒரு பக்கம் பிடித்தான்.

"அண்ணே, கயிறு மாத்தறதா, இவரை மாத்தறதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"பேசாம தூக்குடா."

கட்டடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அது நன்றிச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார். பையன்களில் ஒருவன் அந்த அம்மாளைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க ஏன் தினமும்..." என்று தொடங்கியபோது அவர் அவன் காதைத் திருகினார். பக்கத்தில் நின்ற மாவுக்கட்டுக்காரருக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

கடிதக்காரரும் அந்த அம்மாளும் மட்டும் தினமும் மாடிக்கு மாடி நின்று பேசிக்கொண்டார்கள். பேச்சு பெரும்பாலும் பென்சிலைப் பற்றி.

"பேனாவாலயே திருத்தக் கூடாதா? எதுக்குப் பென்சில்?" என்றார் அந்த அம்மாள் ஒரு நாள்.

"நானும் கேட்டேன். 'உங்களுக்குப் பிடிக்கலைன்னா அழிச்சிக்கலாமே'ன்னா."

"அழிச்சீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லை. அழிச்சது எல்லாம் அவளேதான். ஒரு வார்த்தை போடுவா, அழிப்பா, வேற போடுவா. ரப்பர்தான் மாசம் ஒண்ணு ஆகும்."

"என்ன பாத்து அழிப்பாங்க?"

கடிதக்காரர் இதை யோசித்ததே இல்லை. நான்காம் மாடியில் உட்கார்ந்து யோசித்தார். "கடிதத்தைப் படிக்கப்போறவங்க எதிர்ல உட்கார்ந்திருக்கற மாதிரி வெச்சுக்கிட்டு, வாய்விட்டுப் படிச்சுப் பாப்பா. அவங்க முகத்துக்கு நேரா சொல்ல முடியாததை அழிச்சிடுவா."

"ஓய்வெடுக்கிறதுன்னு என் முகத்துக்கு நேரா சொல்லியிருப்பீங்களா?"

கடிதக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்த சத்தம் படிக்கட்டு முழுவதும் கேட்டது. அவருக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது.

ஆறாம் நாள் அவர் சுமை தூக்குகிற சங்கதி அலுவலகத்துக்குப் போய்விட்டது. எட்டாம் நாள் காலை மேலாளரே வந்து குதித்தார். படிக்கட்டின் அடியில், இரண்டு தோளிலும் பள்ளிப் பையோடு நின்ற தன் ஊழியரைப் பார்த்தார்.

"சார், என்ன இது கூத்து? பக்கத்துக் கட்டடத்துலேருந்து போன் பண்றாங்க, 'உங்க கம்பெனியில ஏறுறதுக்குத் துணைக்கு ஆள் அனுப்பறீங்களாமே, எங்களுக்கும் ரெண்டு பேர் அனுப்புங்க'ன்னு! அவங்க லிஃப்ட் நல்லா ஓடிட்டிருக்கு சார்!"

"இவர்தான் உங்க மேலாளரா?" என்றார் அந்த அம்மாள். "கடிதத்துல 'நாங்களும்'னு போட்டிருந்துச்சு. ஒருத்தர்தான் வர்றாரேன்னு பாத்தேன். நல்லவேளை வந்தீங்க. அந்தத் தண்ணி கேனைத் தூக்குங்க."

"அம்மா, நான் மேலாளர்."

"அதனாலதான் ஒரு கேன். இல்லாட்டி ரெண்டு."

ஏழாம் மாடியில் மேலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த இளம்பெண் கொடுத்த தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இதுக்கு அச்சடிச்ச கடிதமே தேவலை" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் மாலை ஸ்பேனர் லிஃப்டை ஓட்டிக் காட்டினான். கையோடு ஓர் உறையும் கொண்டுவந்தான். உருண்டைக் கையெழுத்து.

"நாலு" என்றார் மேலாளர், சுவரைப் பார்க்காமல். அவர் குரலில் வெற்றி இல்லை. தொடை வலி இன்னும் இருந்தது. தட்டச்சு அம்மாள் தட்டுவதை நிறுத்தினார். கடிதக்காரர் எழுந்து போய் இரும்பு அலமாரியில் முதுகு சாய்த்து நின்றுகொண்டார்.

மேலாளர் உறையைக் கிழித்து வாய்விட்டுப் படித்தார்:

'ஐயா, இது புகார் அல்ல. ஆகவே எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். உங்கள் ஆள் எழுதியதைச் செய்தார். இனியும் எங்களுக்கு அவரே எழுதட்டும். அச்சடித்த கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவோம். மாவுக்கட்டுக்காரர் ஊன்றுகோலைத் தயாராக வைத்திருக்கிறார். குடியிருப்போர் சார்பாக.'

மேலாளர் எழுந்து சுவருக்குப் போனார். மூன்று கோடுகளையும் உள்ளங்கையால் தேய்த்தார். அழியவில்லை, கறுப்பாக அப்பிக்கொண்டது.

"ரப்பர் இருக்கா யார்கிட்டயாவது?"

கடிதக்காரர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். "இல்லை" என்றார்.

அன்று மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பதில் எழுதினார். எதிர் நாற்காலியில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். முதலில் ஒரு பக்கம் இருந்தது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் அடித்த பிறகு மூன்று வரி மிஞ்சியது.

'அம்மா, லிஃப்ட் ஓடுகிறது. கயிறு நைந்ததை நாங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஒன்பது நாள் உங்கள் முட்டி வலித்தது எனக்குத் தெரியும்.'

படித்துவிட்டு, காதில் இல்லாத பென்சிலைத் தேடினார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை போலத்தான் பட்டது.

இதை ஸ்பேனரிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை ஏழரைக்குத் தாமே எடுத்துப் போனார். பழக்க தோஷத்தில் கால் படிக்கட்டுக்குத்தான் போயிற்று. பிறகு நினைவு வந்து, லிஃப்டுக்குள் ஏறி ஏழாம் எண்ணை அழுத்தப் போனார். படிக்கட்டின் அடியில் அந்த அம்மாளைக் காணோம். இனி அவருக்குக் கீழே இறங்கிக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நிம்மதியாக மேலே தூங்கட்டும்.

"யாரைப் பாக்கணும் சார்?" என்றான் வாட்ச்மேன், நாற்காலியிலிருந்து எழாமல்.

"அம்மாவைத்தான்பா. ஏழாம் மாடிக்குப் போய் இந்தக் கடிதத்தைக் கையில கொடுக்கணும்."

வாட்ச்மேன் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைக் கட்டைவிரலால் காட்டினான். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

"ஏழாம் மாடிக்கு எதுக்கு சார் போறீங்க? இருபத்தொரு வருஷமா அவங்க இந்தக் கீழ் வீடுதான்."